கொற்கையில் கடல் எங்கே?

வருஷத்துக்கு ஒருமுறை, ஆரம்பப் பள்ளிச் சிறுவர் சிறுமியரை வண்டியிலேற்றி, புளியோதரைப் பொட்டலமும் தண்ணீர்ப் பாட்டிலும் கையில் கொடுத்து, நாலு இடங்களைக் காட்டி, விளக்கு வைப்பதற்குள் வீடு சேர்க்கும் வழக்கத்துக்கு நம் உபாத்தியாயர்கள் சொல்லும் காரணம், ஏட்டில் படித்ததைப் பிள்ளைகள் கண்ணாரக் காணவேண்டும் என்பதே. பிரமாணங்களுள் பிரத்தியட்சமே தலையாயது என்ற தர்க்க சாஸ்திரக் கொள்கையை அறிந்தோ அறியாமலோ இதில் நாம் ஒப்புக்கொண்டு விடுகிறோம். சென்ற தை மாதத்தில், தூத்துக்குடிப் பள்ளியொன்றின் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணையாகப் போய்வந்த எனக்கோ, அந்தக் கொள்கையில் ஐயம் பிறந்துவிட்டது.

முதலில் கொற்கைக்குப் போனோம். பாண்டியர் துறைமுகம், அகநானூறும் மதுரைக்காஞ்சியும் பேசும் முத்துப் பட்டினம், பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் 'கொல்கி' என்று குறித்த ஊர் என்றெல்லாம் ஆசிரியை வழியிலேயே சொல்லி வைத்திருந்தபடியால், பிள்ளைகள் அலையையும் கப்பலையும் எதிர்பார்த்துக் குதித்து இறங்கினார்கள். அங்கே இருந்தவையோ வயலும் வாழையும், ஒரு குளமும், ஆயிரமாயிரம் ஆண்டுப் பழமை உடையதென்று ஊரார் போற்றும் ஒரு வன்னிமரமும்தாம்.

"கடலக் காணோமே டீச்சர்! எங்க போச்சு?" என்றாள் ஒரு சிறுமி.

தாமிரபரணி சுமந்துவந்த வண்டல் தூர்த்துத் தூர்த்து, கடல் இன்று ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது; வாணிபமும் அதன் பின்னாலேயே பழையகாயலுக்குப் போய், அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. கால்டுவெல் பாதிரியாருக்குப் பின், 1968–69-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் இங்கே அகழ்ந்தபோது, அறுத்த சங்குத் துண்டுகளும் முத்துச் சிப்பி ஓடுகளும் மண்ணுக்கடியிலிருந்து வந்தன.

அந்த ஓட்டைக் காண்பது காண்டல். ஓடு இருப்பதால் ஒருகாலத்தில் கடல் அருகே இருந்திருக்கவேண்டும் என்று கொள்வது கருதல். பழைய நூல்கள் சொல்வதைக் கேட்டுத் தெளிவது உரை. பிரமாணங்களைப் பத்து வரை விரித்துச் சொல்லிவிட்டு, எல்லாம் இம்மூன்றில் அடங்கும் என்று சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் நிறுவியதை, அந்த வரப்பின்மேல் நின்றபோதுதான் நான் உள்ளபடி விளங்கிக்கொண்டேன். அப்பத்தில் ஒன்றான அபாவம், அதாவது ஒரு பொருள் இல்லாமையை அறிதல், வெறும் வாதப் பிரதிவாதத்துக்காகச் சேர்த்த சரக்கு என்று அதுவரை நினைத்திருந்தேன். பிரத்தியட்சம் ஒன்றையே நம்பும் சாருவாகர் ஒருவர் எங்கள் வண்டியில் வந்திருப்பாரானால், கொற்கைத் துறைமுகம் சுத்தப் பொய் என்று தீர்ப்பெழுதிவிட்டு, மக்ரூன் வாங்கத் தூத்துக்குடிக்குத் திரும்பியிருப்பார். சிறுமி அப்படிச் சொல்லவில்லை. கடல் உண்டா என்று கேளாமல், எங்கே போயிற்று என்று கேட்டாள். காணாத ஒன்றை உண்டென்று முன்னரே ஏற்றுக்கொண்ட உள்ளத்திலிருந்தல்லவா அந்தக் கேள்வி வரும்! ஆஸ்திக புத்தி என்று பெரியோர் சொல்வதன் வித்து இதுவே என்று நான் கருதுகிறேன்.

திரும்பும்போது, 1555-இல் மணிலாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் திருவுருவம் விளங்கும் பனிமய மாதா கோயிலில் சற்று நின்றோம். எல்லா மதத்துப் பிள்ளைகளும் கைகூப்பினார்கள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. ஆகவே அதைப் பற்றி எழுதவும் எனக்கு ஒன்றுமில்லை.

மாலையில் கடற்கரையில், சங்கு குளித்து மூப்படைந்த பெரியவர் ஒருவர் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, முத்துச் சிப்பியின் ஓடொன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். முத்துச் சலாபம் 1961-க்குப் பின் இக்கரையில் நடைபெறவில்லை; அவர் சொன்னதெல்லாம் தகப்பனார் காலத்துக் கதை. காலில் கல்லைக் கட்டிக் குளியாள் பாருக்கு இறங்கியதையும், சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டி கரையில் இருந்ததையும், அள்ளிவந்த சிப்பிகளை நாட்கணக்கில் அழுகவிட்டுக் கழுவி முத்தெடுத்ததையும், ஆயிரக்கணக்கான சிப்பிகள் ஒன்றும் தராமலே மாண்டதையும் சொன்னார். 1973-இல் இதே தூத்துக்குடியில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியைக் கீறி உள்ளே ஒரு மணியை வைத்து முத்து விளைவித்த விந்தையையும் சொன்னார்.

காலையில் கேட்ட அதே சிறுமி மறுபடியும் கேட்டாள்: "தாத்தா, சிப்பிக்கு வலிக்காதா?"

"அத யாருட்ட கேக்க, பிள்ள?" என்றார் அவர்.

பிறிதோர் உயிரின் வேதனை ஒருநாளும் பிரத்தியட்சம் ஆவதில்லை. ஓட்டைக் கண்டு கடலைக் கருதுவதுபோல, நம் நோவைக் கொண்டு அதன் நோவைக் கருதத்தான் முடியும். அந்தக் கருதலைச் செய்யாதவர்களும் இருந்தார்கள். கொல்கியில் முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்பதை, மிளகு விலை சொல்வதுபோல, பெரிப்ளூஸ்காரர் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போகிறார். அகிம்சையைப் பற்றி நாம் எழுதிக் குவித்த நூல்கள் அத்தனையும், இந்த ஒன்பது வயதுப் பிள்ளை கேட்ட கேள்விக்கு எழுதிய விருத்தியுரைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உபாத்தியாயர்களுக்கு ஒரு விண்ணப்பம். துறைமுகத்துப் பெருங்கப்பல்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் ஒன்றுமில்லாத கொற்கையையும் ஒரு மணி நேரம் காட்டுங்கள். மறுநாள் வகுப்பில், 'நான் கண்ட இடங்கள்' என்று மட்டும் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள்.