குதிரில் இருக்கும் விதை

2021 ஆம் ஆண்டு ஆடி மாதத்து இரவுகளில், பெருந்தொற்றின் அச்சத்தால் வீதிகள் பொழுதோடே அடங்கிவிட்ட அக்காலத்தில், தெமட்டகொடையிலுள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று மாளிகாவத்தைப் பக்கம் நோக்கினால், கெத்தாராம மைதானத்தின் விளக்குக் கோபுரங்கள் வானத்தின் ஒரு மூலையை வெளுக்கச் செய்துகொண்டு நிற்பது தெரியும். ஆனால் மற்றைய காலங்களில் அவ்வொளியோடு கூடவே எழுந்துவரும் ஆரவாரம் மாத்திரம் வராது. காண்பார் ஒருவருமில்லாத அரங்கிலே இரண்டு தேசங்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஆடியவர்களிலும் பெரும்பான்மையோர், காலம் வழக்கம்போல் ஓடியிருந்தால் அவ்விடத்தில் நின்றிருக்கமாட்டாதவர்கள். வேறொருவருடைய ஸ்தானத்தில் நின்றவர்கள்.

இந்தியாவின் முதன்மை அணி அம்மாதம் விராட் கோலியின் தலைமையில் இங்கிலாந்தில் தங்கியிருந்தபடியால், சிகர் தவானைத் தலைவராகவும் ராகுல் திராவிட்டைப் பயிற்றுநராகவும் கொண்ட வேறோர் அணி கொழும்புக்கு வந்திறங்கியது. 1996 இல் உலகக் கிண்ணம் வென்ற அணியின் தலைவரான அர்ஜுன ரணதுங்க, இரண்டாந்தர அணியோடு ஆடச் சம்மதித்தது நாட்டுக்கு இழுக்கு என்று வெளிப்படையாகக் கண்டித்தார். இலங்கைக் கிரிக்கெட் நிறுவனமோ, வந்த 20 பேரில் 14 பேர் இந்தியாவுக்காக ஏற்கெனவே ஆடியவர்கள் என்று கணக்குக் காட்டி மறுமொழி கூறியது. இவ்விவகாரம் எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடைவரைக்கும் வந்துவிட்டது. கடைக்கார நானா தராசைக் கையில் பிடித்தபடியே, “செகண்ட் டீமத்தான் அனுப்பீக்காங்க மாஸ்டர், எங்கள கணக்கெடுக்கல்ல” என்றார். “நம்மட டீம் மட்டும் ஃபர்ஸ்ட் டீமா நானா?” என்று கேட்டுவிட்டு நான் வந்தேன். ஏனெனில் எங்கள் அணியிலும் தலைவர் குசல் பெரேரா காயமுற்றிருந்தார். இங்கிலாந்தில் தொற்றுக்கால விதிகளை மீறிய மூவர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். தசுன் ஷானக என்னும் புதிய தலைவரின் கையில் இருந்ததும் ஒருவகையில் மாற்றணியே. அதே மாதத்தில் இங்கிலாந்தின் ஒருநாள் அணி முழுவதும் தொற்றின் காரணமாக ஒதுக்கிவைக்கப்பட, பென் ஸ்டோக்ஸின் தலைமையில் அவசரமாகத் திரட்டப்பட்டதும், 9 புதுமுகங்களைக் கொண்டதுமான வேறோர் அணி பாகிஸ்தானை மூன்றுக்குச் சுழியமென வென்றது.

எந்தத் தேசத்தின் மாற்றுவீரர் பலம் பெரிது என்று அந்நாட்களில் பலரும் தர்க்கித்தார்கள். அத்தர்க்கத்தின் முடிவில் எனக்கு அதிக அக்கறை இருந்ததில்லை. அதன் அடியிலே கிடந்த கேள்விதான் என்னை உறங்கவிடவில்லை. செயலில் வெளிப்படாத ஒரு சக்தி உண்மையில் உளதா? உளதாயின் அதை எந்தப் பிரமாணத்தைக்கொண்டு அளப்பது? ஆடாதவனின் ஆற்றல் பிரத்தியட்சத்துக்கு எட்டாதது. அனுமானத்துக்கோ, அவன் ஆடிய சிறு ஆட்டங்களும் பயிற்சிக்களத்து ஓட்டங்களுமே அடையாளம். அந்த அடையாளத்தை நம்பி ஒருவனைச் சமர்த்தன் என்று சொல்வது நியாயமா?

இந்தக் கேள்வியை ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பாரத தேசத்துத் தார்க்கிகர்கள் ஒரு விதையைக் கொண்டு விசாரித்திருக்கிறார்கள். விக்கிரமசீலத்து ஞானஸ்ரீமித்திரர், அவர் மாணாக்கர் ரத்னகீர்த்தி முதலிய பௌத்தாசாரியர்கள் ஒருபுறமும், மிதிலைத் தேசத்து உதயனாசாரியர் முதலிய நையாயிகர்கள் மறுபுறமுமாக நின்று பேசிய அவ்வாதத்தின் சாரம் இது: வயலில் விழுந்த விதை முளைக்கிறது, குதிரில் கிடக்கும் விதை முளைப்பதில்லை, அப்படியாயின் குதிரில் கிடப்பதற்கு முளைக்கும் சக்தி உண்டென்பதா, இல்லையென்பதா? பௌத்தர் இல்லையென்றார். காரியத்தைச் செய்வதே உள்பொருளின் இலக்கணம், வல்லது தாமதிக்காது, தாமதிப்பது வல்லதன்று, ஆகவே குதிரில் இருந்த விதை வேறு, முளைவிடும் கணத்தில் வயலில் இருக்கும் விதை வேறு என்று சாதித்து, அந்தக் கணத்து விதைக்குக் குர்வத்ரூபம், அதாவது செய்துகொண்டிருக்கும் வடிவம், என்று பெயரும் இட்டார். நையாயிகரோ, விதை ஒன்றே. அதன் சாமர்த்தியமும் அன்றும் இன்றும் ஒன்றே. மண்ணும் நீரும் வெம்மையுமாகிய சகாய காரணங்கள் கூடுமளவும் அது காத்திருக்கிறது. காத்திருத்தல் இன்மைக்கு அடையாளமாகாது என்று மறுத்தார். காரியம் காரணத்தில் நுண்ணியதாய் முன்னரே உண்டென்னும் சற்காரியவாதத்தைக் கொண்ட நம் சைவசித்தாந்திகளோ, குதிரில் கிடக்கும் விதைக்குள் மரமே ஒடுங்கியிருக்கிறது என்று அதற்கும் அப்பால் ஒரு படி சென்றார்கள்.

கெத்தாராமத்தின் வெறுமையான அரங்கு இந்த வாதத்துக்கு நல்லதொரு பரீட்சைக் களமாயிற்று. இரண்டாவது ஒருநாள் போட்டியில் 276 என்னும் இலக்கை நோக்கிச் சென்ற இந்தியா 193 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகளை இழந்து நின்றபோது, பந்துவீச்சுக்காகவே தெரிவு செய்யப்பட்டிருந்த தீபக் சஹார் ஆட்டமிழக்காது 69 ஓட்டங்கள் எடுத்து வெற்றியைக் கொண்டுவந்தார். அன்று மாலைவரை அவருக்குள் அப்படி ஒரு துடுப்பாட்டம் இருந்ததென்று அறிந்தோர் சிலரே. அவ்வாண்டின் தொடக்கத்திலே பிரிஸ்பேனில் நிகழ்ந்ததோ இன்னும் பெரிது. முதன்மைப் பந்துவீச்சாளர் ஒவ்வொருவராகக் காயமுற்று விலக, வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்கென்று அழைத்துச் செல்லப்பட்டிருந்த சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனும், தம் முதல் டெஸ்டை ஆடிய வாஷிங்டன் சுந்தரும் இன்னும் சில இளைஞருமாகச் சேர்ந்து, 1988 முதல் அவுஸ்திரேலியா தோல்வியே காணாதிருந்த அந்த மைதானத்தில், 2021 ஜனவரி 19 ஆம் திகதி, 328 ஓட்டங்களைத் துரத்தி வென்ற அணியின் அங்கங்களானார்கள். சில வாரங்களின் முன் அடிலெய்டில் முதன்மை அணி 36 ஓட்டங்களுக்குச் சுருண்டதை இதனோடு சேர்த்து எண்ணினால், முதல் என்றும் இரண்டென்றும் நாம் இடும் எண்கள் எவ்வளவு பலவீனமானவை என்பது விளங்கும்.

உதயனாசாரியர் வென்றார் என்று இவ்விடத்தில் வழக்கை முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் பௌத்தர் சொன்னதிலே தள்ளிவிட முடியாத ஓர் உண்மை உண்டு. குதிரில் வைத்த விதை வைத்தபடியே இராது. ஈரம் ஏறும், வண்டு துளைக்கும், காலங்கடந்தால் உமியும் தோற்றமும் பழையபடியே இருக்க உயிர் மாத்திரம் போய்விடும். மாற்றுவீரனின் நிலையும் அதுவே. நேற்றைய சாமர்த்தியம் இன்றைக்குச் செல்லாது. பந்தைக் காணும் கண்ணும் காலின் அசைவும் ஒவ்வொரு நாளும் புதிதாக உண்டாக்கப்படவேண்டியவை. ஆடும் வீரனுக்கு ஆட்டமே அந்தத் தொழிலைச் செய்துவிடுகிறது. ஆடாதவனோ புகழோ பலனோ தூண்டாத தனிமையில் அதைத் தானே செய்துகொள்ள வேண்டும். பலனைக் கருதாமல் கருமத்தைச் செய் என்று பார்த்தனுக்குப் பரமாத்மா உபதேசித்தபோது அவன் கையில் வில்லும் முன்னே படையும் இருந்தன. கருமத்துக்கே அவகாசமில்லாதவன் அந்த உபதேசத்தை அனுட்டிப்பது அதனினும் கடினமான யோகம்.

அழைப்பு வராமலே போனவர்களை எண்ணும்போதுதான் விசாரணை கனமாகிறது. ரஞ்சிக் கிண்ண ஆட்டங்களில் 637 விக்கெட்டுகள் வீழ்த்திய ராஜிந்தர் கோயல், பிஷன் சிங் பேடியின் காலத்திலே பிறந்தார் என்பதற்காக ஒரு டெஸ்டிலும் ஆடாமற் போனார். 1974 இல் பேடி நீக்கப்பட்ட பெங்களூர் டெஸ்டிலும் அணியில் பெயர் இருந்தது, ஆடும் பதினொருவரில் இடம் இருக்கவில்லை. அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. எங்கள் தெமட்டகொடைக்கு அயலிலே, பேஸ்லைன் வீதிக்கு அப்பால், தமிழ் யூனியன் கழகத்தின் ஓவல் மைதானம் இருக்கிறது. பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரை இன்று தாங்கிநிற்பது அதுவே. 1948 மார்ச்சில், இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்த அவுஸ்திரேலிய அணி வழியில் இறங்கி அங்கே ஒரு நாள் ஆடியது. விருந்தினரின் தலைவர் டொனால்ட் பிராட்மன். இலங்கையின் தலைவர் அதே கழகத்து மகாதேவன் சதாசிவம். முன்னவர் தம் முதல் டெஸ்டுக்குப் பின் அணியிலிருந்து நீக்கப்பட்டு, 1928 இல் சிட்னியில் பன்னிரண்டாம் ஆளாக நின்றவர். பின்னர் உலகமே அவரைத் துடுப்பாட்டத்தின் எல்லையாகக் கொண்டது. பின்னவர் 1947 இல் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்தவர். கண்டோர் மறக்கமுடியாத லாவகம் உடையவர். ஆயினும் அவருடைய தேசமே அன்று கிரிக்கெட் உலகின் மாற்றுவீரனாக இருந்தது. 1882 இல் முதல் ஆங்கில அணி கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி ஆடிய நாளிலிருந்து எண்ணினால், 1982 பெப்ரவரியில் அதே ஓவலில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடுவதற்கு நூறாண்டு சென்றது. சதாசிவம் அதைக் காணாமல் 1977 இலேயே மறைந்தார்.

இவர்களுக்கு என்ன சமாதானம் சொல்வது? சைவசித்தாந்தம் இறைவனுக்கு ஐந்தொழில் கூறுகிறது. படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் என்பவற்றோடு மறைத்தலையும் ஒரு தொழிலாக எண்ணி, அந்தத் திரோதானமும் அருளின் பாற்பட்டதே என்கிறது. ஆன்மாவின் மலம் பரிபாகமடையும்வரை உண்மையை மறைத்துவைப்பதும் தாயின் செயல் போன்றதே என்பது அதன் கருத்து. வெளிச்சத்திலிருந்து விலக்கிவைக்கப்பட்ட காலத்தைத் தண்டனையாகக் கொள்ளாமல் பக்குவத்தின் காலமாகக் கொள்ளும் மனம் ஒருவனுக்கு வாய்க்குமாயின், பிராட்மனின் சிட்னி அவனுக்கும் வாய்த்ததாகும். ஆனால் இந்தத் தத்துவத்தைச் சொல்லும் நா சற்றே அஞ்சியும் சொல்லவேண்டும். தான் மறைக்கப்பட்டதைத் திருவருள் என்று கொள்ளும் உரிமை மறைக்கப்பட்டவனுக்கு உண்டு, மறைத்தவனுக்கு இல்லை. தெரிவுக்குழுவின் பட்சபாதத்தையும், பிறந்த மண்ணின் பெயரால் கதவடைத்த உலகத்தின் அகந்தையையும் இறைவனின் ஐந்தொழிலில் ஒன்றென்று கணக்கெழுதுவது, சித்தாந்தத்துக்குச் செய்யும் துரோகம்.

மறைந்து நிற்பவனுக்குத் தொழிலே இல்லையென்பதும் சரியன்று. சைவம் கூறும் நால்வகை நெறிகளில் முதலாவதான சரியை, கோயிலைக் கூட்டுதலும் மெழுகுதலும் பூக்கொய்தலுமாகிய உடற்பணிதான். நாவுக்கரசரின் கையில் உழவாரம் இருந்தது. தண்ணீரும் மாற்றுக் கையுறையும் சுமந்து மைதானத்துக்குள் ஓடி, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, எவருடைய கண்ணிலும் நில்லாமல் திரும்பி ஓடும் பன்னிரண்டாம் ஆளை நான் அந்நெறியில் நிற்பவனாகவே காண்கிறேன். ஒருவருக்காக அவன் களத்தடுப்பில் நின்றாலும் பந்துவீசவோ துடுப்பெடுக்கவோ தலைமை தாங்கவோ விதி அவனை அனுமதிப்பதில்லை. தலையில் அடிபட்டவருக்கு மாற்றாக வருபவருக்கு 2019 முதல் அவ்விலக்குத் தளர்த்தப்பட்டிருக்கிறது. இவ்வளவு குறுகிய வாசலுக்குள்ளேயும் சரித்திரம் சிலவேளை நுழைந்துவிடுகிறது. 2005 இல் டிரென்ட் பிரிட்ஜில் காயமுற்ற ஒருவருக்காக நின்ற கேரி பிராட், ஒரே எறியில் அவுஸ்திரேலியத் தலைவர் ரிக்கி பொண்டிங்கை ரன் அவுட்டாக்கினார். அவர் இங்கிலாந்துக்காக ஒரு டெஸ்டும் ஆடியதில்லை. அந்தத் தொடரை நினைவுகூர்வோரோ அவரை விட்டுவிட்டு நினைவுகூர்வதில்லை.

ஆகவே, தேசங்களின் மாற்றுவீரர் பலத்தை ஒப்பிடுவதென்றால் ஆட்களின் எண்ணிக்கையையும் ஓட்டங்களின் சராசரியையும் மாத்திரம் அடுக்கிப் பயனில்லை, குதிர்களையே ஒப்பிடவேண்டும். நம் உழவர் குடிகளில் விதைநெல்லுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. உண்ணும் நெல்லைவிட நன்றாக அதை உலர்த்தி, பூச்சி அணுகாமல் காத்து, வீட்டில் உலை ஏறாத நாளிலும் அதன்மேல் கைவைக்காமல் இருந்தார்கள். இவ்வருடத்துச் சோற்றுக்கு அதனால் ஒரு பிடியும் பயனில்லை என்பது அவர்கள் அறியாததன்று. இன்று ஆடாதவனுக்கும் நல்ல பயிற்றுநரையும், கடினமான உள்ளூர் ஆட்டங்களையும், சீவனத்துக்கு ஊதியத்தையும், மனிதனுக்குரிய கௌரவத்தையும் கொடுக்கும் தேசத்தின் குதிர் உயிருள்ளது. தேவைப்படும் நாளில் மாத்திரம் திறந்து பார்க்கும் தேசம் அதில் பதரையும் காணக்கூடும்.

எவ்வளவு பெரிய குதிருக்கும் அடி உண்டென்பதையும் அதே கெத்தாராமம் காட்டியது. இந்திய அணியில் ஒருவருக்குத் தொற்றுக் காண, அவரோடு நெருங்கியிருந்த எட்டுப்பேர் ஒதுக்கப்பட்டு, மாற்றணிக்கும் மாற்றணி ஆடவேண்டியதாயிற்று. ஆடி மாதத்து அத்தொடரின் கடைசி இரவில் வனிந்து ஹசரங்க 9 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட்டுகளை எடுக்க, இந்தியா 20 ஓவர்களில் 81 ஓட்டங்களோடு நின்றது. இருபது ஓவர்த் தொடர் இரண்டுக்கு ஒன்று என்று எங்களுடையதாயிற்று.

மறுநாட் காலை கடைக்குப் போனபோது நானாவின் முகத்தில் பெருநாள் களை. “பாத்தீங்களா மாஸ்டர், வெண்டுட்டம்!” என்றார்.

“அவங்கட குதிர் அடிமட்டத்துக்கு வந்த நாள்ல வெண்டம் நானா. நம்மட குதிர்ல என்ன கிடக்குதெண்டு ஆராவது பாத்தாங்களா?” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாக்கை அவிழ்த்து, எனக்கென்று நாட்டரிசி இரண்டு கிலோ அளக்கத் தொடங்கினார். அளக்குமுன் ஒரு பிடி அள்ளி, வண்டு விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.