இரவல் வலிமை

போக்கிமான் எனும் கற்பனை உயிரிகளை வளர்த்து மோதவிடும் விளையாட்டு அது; 1996இல் ஜப்பானில் வெளிவந்த அதன் முதல் பதிப்பில் நுட்பமான விதி ஒன்று உண்டு. கான்டோ என்னும் கற்பனை வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய், எட்டு ஜிம் தலைவர்களை வென்று, எட்டு பேட்ஜ்களைச் சேர்க்க வேண்டும். நடுவே, நண்பனின் கேம் பாய் கருவியோடு கேபிளை இணைத்து, அவன் வளர்த்த வலுவான போக்கிமானை மாற்றி வாங்கிக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் அதன் லெவலுக்கு ஏற்ற பேட்ஜ் நம்மிடம் இல்லாவிட்டால், அது சொன்ன பேச்சைக் கேட்காது. சண்டைக்கு நடுவே தூங்கிவிடும்; சில நேரம் தன்னையே தாக்கிக்கொள்ளும்.

இன்று பலர் ஒன்றுகூடி ஆடும் போக்கிமான் சர்வர்கள் சிலவற்றிலும் இதைப் போன்ற ஒழுங்கு உண்டு. கான்டோ, ஜோட்டோ, ஹோயன் என ஒவ்வொரு வட்டாரமும் நம்மைப் புதிதாகச் சோதிக்கிறது. ஓரிடத்தில் வென்ற பெருமை அடுத்த இடத்தில் அப்படியே செல்லுபடியாவதில்லை.

பதவி, பணம், ஆள்பலம் எல்லாம் பிறர் தயவில்கூட ஒரே நாளில் கைக்கு வரலாம். அவற்றை ஆளும் தகுதி அப்படி வருவதில்லை. வலிமையை இரவல் வாங்கலாம். பக்குவத்தை நாமே ஈட்ட வேண்டும்.