சயாமுக்குப் போனவர்களின் மௌனம்

நினைவை இழப்பதும், இழக்காமலே அதை வெளியே விடாமல் வைத்திருப்பதும் ஒன்றல்ல. 1885இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, கற்றதில் பெரும்பகுதி ஒரே நாளுக்குள் நழுவிவிடுவதை அளந்து காட்டினார். இது இயல்பான மறதி. தாங்க முடியாத நினைவை மனம் தானறியாமலே அடியில் தள்ளிவிடுகிறது என்று 1915இல் சிக்மண்ட் ஃபிராய்ட் எழுதினார். இவை இரண்டும் போக, தெரிந்தே வாயை மூடிக்கொள்வதும் உண்டு. சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, வழியாகப் போட்ட ரயில் பாதையைப் பற்றி மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டத் தமிழரிடையே நெடுங்காலம் நிலவிய மௌனம் இவற்றுள் எது, அது அறத்துக்கு ஏற்றதுதானா என்ற இரண்டு கேள்விகளும் பிரிக்க முடியாதவை.

1942இல் ஜப்பானியப் படை தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதையைத் தொடங்கியது. மலாயாவிலிருந்து 75,000 பேருக்கு மேல் அங்கே கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர். முதலில் சம்பளமும் அரிசியும் தருவதாக ஆசை காட்டினார்கள். ஆள் குறைந்ததும் பிடித்துக்கொண்டு போனார்கள். சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டவர்கள் சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் வழியாகப் பாடாங் பெசாரைக் கடந்து வடக்கே போனார்கள். வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி ஆகியவற்றால் பல்லாயிரவர் மாண்டனர். 1943 அக்டோபர் 17 அன்று பாதையின் இரு முனைகளும் இணைந்தன.

போர் முடிந்து திரும்பியவர்கள் மறுபடி லயம் என்ற தோட்டக் குடியிருப்புக்கு வந்தார்கள், விடிகாலையில் ரப்பர் மரப் பால்வெட்டுக்குப் போனார்கள். பேசவில்லை. மறந்துவிட்டார்கள் என்று சொல்ல இடமில்லை. முதுமையில் யாராவது உட்கார்ந்து கேட்டபோது முகாமையும் சேற்றையும் பிணக்குழியையும் பலர் விவரமாகச் சொன்னார்கள். ஆழ்மனத்துக்குள் முழுதாகப் புதைந்த நினைவு என்ற ஃபிராய்டின் கருத்தை இன்றைய உளவியலர் பலர் ஏற்பதுமில்லை. பெருந்துயரம் மறைவதைவிட, வேண்டாத நேரத்தில் மேலெழுந்து வருவதே அதிகம். ஒன்றை நினைக்காதே என்று மனத்துக்குக் கட்டளையிட்டால் அதுவே திரும்பத் திரும்ப வருகிறது என்பதை 1987இல் டேனியல் வெக்னர் சோதனையில் காட்டினார். ஆனால், எழ முயலும் நினைவை ஒவ்வொரு முறையும் தடுத்துப் பழகினால் அது மங்கவும் கூடும் என்பதை 2001இல் மைக்கேல் ஆண்டர்சனும் காலின் கிரீனும் காட்டினார்கள். தோட்டத்து மௌனம் பெரும்பாலும் அறிந்தே அடக்கியதுதான். அடக்காமல் அடுத்த நாள் வேலைக்குப் போயிருக்க முடியாது.

இங்கே சமயம் சொல்வது கவனத்துக்குரியது. சைவ சித்தாந்தம் சிவனின் ஐந்தொழில்களுள் மறைத்தலை ஒன்றாக வைக்கிறது. உயிர் தன் வினையை அனுபவித்துப் பக்குவப்படும்வரை உண்மையைத் திரையிட்டு வைப்பது. தண்டனை போலத் தோன்றினாலும் அதுவும் அருளே என்பது அதன் முடிபு. யோக மரபோ, பட்ட அனுபவம் சம்ஸ்காரம் என்ற மனப்பதிவாகப் படிந்து, தகுந்த தருணத்தில் முளைக்கும் என்கிறது. புதைத்ததனால் அது அழிவதில்லை. திருக்குறளும் பிறர் செய்த தீமையை அன்றே மறப்பதை நன்மை என்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அடிபட்டவர் பேசாமலிருந்ததைக் குறை சொல்ல எந்த நியாயமும் இல்லை. தன் காயத்தை மறைப்பதும் மன்னிப்பதும் அவருடைய உரிமை.

ஆனால் அந்த உரிமை மற்றவர்களுக்குக் கிடையாது. தனக்கு நேர்ந்த கொடுமையை ஒருவர் மறக்கலாம். இறந்தவருக்கு நேர்ந்ததை அவருக்காக மறந்துவிட எவருக்கும் அதிகாரமில்லை. தமிழர் நடுகல் நட்டதும் ஆண்டுதோறும் திதி கொடுப்பதும் இந்த எண்ணத்தில்தான்.

சயாமில் இறந்தவர்களுக்கு இதுவே பெரிய இடராயிற்று. திதிக்கு இறந்த நாள் தெரிய வேண்டும். நாளும் தெரியாது, உடலும் இல்லை. தாலியை வைத்திருப்பதா கழற்றுவதா என்று தெரியாத பெண்கள் இருந்தார்கள். இத்தகைய நிலையைப் பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் தெளிவற்ற இழப்பு என்று குறிப்பிட்டார். முடிவு தெரியாத துக்கம் ஆறுவதில்லை. காணாமற்போனவருக்காகப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, தர்ப்பையால் உருவம் செய்து எரிக்கும் வழியைத் தர்ம சாத்திரங்கள் வகுத்துள்ளன. நாள் தெரியாதவர்களுக்குப் புரட்டாசி மகாளய அமாவாசை இருக்கிறது. மரபில் வழி இருந்தது. கூலிக் குடும்பங்களுக்கு அதை எடுத்துச் சொல்ல ஆள் இருந்தார்களா என்பதே கேள்வி.

நினைவுக்குச் சமூகச் சட்டகம் வேண்டும் என்று 1925இல் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் எழுதினார். கெடாவில் அந்தச் சட்டகமும் உடைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரக் காடுகள் வீடமைப்புப் பகுதிகளாயின. பீடோங், கூலிம், பாடாங் செராய் லயங்களில் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள் சிதறினார்கள். பேசுவோரும் கேட்போரும் ஒரே கோயில் திடலில் கூடும் வாழ்க்கை போயிற்று. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் 1993இல்தான் வந்தது, பாதை முடிந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில், அதே பாதையில் வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கமாகியிருக்கிறார்கள். பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த தனித்தனிக் கல் உண்டு. தமிழ்த் தொழிலாளருக்கு அப்படி ஒரு பெயர்ப் பட்டியலே இல்லை.

தாத்தாவோ பெரியப்பாவோ சயாமுக்குப் போன வீடுகள் கெடாவில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் பெயரையும் போன தோட்டத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். வருகிற மகாளய அமாவாசையில் அந்தப் பெயரைச் சொல்லிப் படையல் இடுங்கள்.