படகில் ஏற்றப்படாத மனிதன்



கலிலேயாக் கடலின் அக்கரையில், கெரசேனருடைய நாட்டில், கல்லறைகளையே வீடாகக் கொண்டு வாழ்ந்த ஒரு மனிதனைப் பற்றி அர்ச். மாற்கு தமது சுவிசேஷத்தின் 5-ம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். ஊரவர்கள் அவனைச் சங்கிலியால் கட்டிப் பார்த்தார்கள். காலில் விலங்கு மாட்டிப் பார்த்தார்கள். சங்கிலியை அவன் அறுத்தெறிந்தான், விலங்கை முறித்தான். இரவென்றும் பகலென்றுமில்லாமல் கூக்குரலிட்டுக்கொண்டு, கற்களை எடுத்துத் தன் உடலையே காயப்படுத்திக்கொண்டிருந்தான்.

குடியில் விழுந்தவரைப் பேய்பிடித்தவர் என்று சொல்வதற்காக நான் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளவில்லை. அப்படிச் சொன்னவர்கள் போதும். ஆனால் அந்தச் சங்கிலி எது என்பதை நம்மிற் பலர் அறிவோம். சம்பள நாளன்று தவறணையடியில் காத்துநின்று கணவனைக் கூட்டிவரும் மனைவி ஒரு சங்கிலி. சட்டைப்பையைத் தடவிப்பார்க்கும் மகன் ஒரு சங்கிலி. "இனித் தொடமாட்டேன்" என்று பிள்ளையின் தலையில் கைவைத்துச் செய்த சத்தியமும் ஒரு சங்கிலிதான். நாம் கட்டுகிறோம், அவர் அறுக்கிறார். அறுத்த பிறகு, நம்மைவிட அதிகமாகத் தம்மையே அவர் வெறுக்கிறார். இந்தக் கடைசி விஷயத்தை நாம் பெரும்பாலும் காண்பதில்லை.

நானும் சங்கிலி கட்டியவர்களில் ஒருவன். குருப்பட்டம் பெற்ற ஆரம்ப வருடங்களில் ஒரு கடற்கரைப் பங்கில் பணியாற்றினேன். தபசுகாலத் தியானத்தின் முடிவில், குடிப்பழக்கமுள்ள ஆண்களைத் திரு இருதய சுரூபத்தின் முன் முழந்தாட்படியிடச் செய்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து வாக்குறுதி எடுப்பித்தேன். கோயில் நிறைந்த சனம் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அது பெரிய வெற்றியாகத் தோன்றியது. அவர்களில் ஒருவர், கரைவலைத் தொழிலாளி, உயிர்த்த திருநாள் கழிந்து சில நாட்களில் மறுபடியும் குடித்துவிட்டார். ஊருக்கு முன் பெயர் சொல்லி எடுத்த சத்தியம் அல்லவா? வெட்கத்தால் பூசைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஓர் இரவு பத்து மணிக்குமேல் அவர் அறைவீட்டுக் கதவைத் தட்டினார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் அவரை உள்ளே அழைத்து இருத்தி, நரகத்தைப் பற்றியும் பிள்ளைகளின் பசியைப் பற்றியும் நீண்ட நேரம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார். "சுவாமி, நீங்கள் எப்பவாவது குடிச்சு விழுந்திருக்கிறியளோ?"

எனக்குக் கோபம் வந்தது. என்ன அகங்காரம் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய்விட்டார். அந்தக் கேள்வியில் அகங்காரம் எதுவும் இருக்கவில்லை என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு வருடங்கள் பல எடுத்தன. விளங்கவைத்தது ஒரு வேதசாஸ்திர நூலல்ல. அமெரிக்காவைச் சேர்ந்த இரண்டு குடிகாரர்களின் வரலாறு.

ஒருவர் நியூயோர்க்கைச் சேர்ந்த பில் வில்சன் என்னும் பங்குச்சந்தைக்காரர். குடியால் எல்லாவற்றையும் இழந்து, பலமுறை வைத்தியசாலையிற் கிடந்து, 1934 டிசம்பரில் குடியை விட்டவர். விட்ட கையோடு, கண்ட குடிகாரர்களையெல்லாம் திருத்தப் புறப்பட்டார். ஆறு மாதமாகியும் ஒருவரும் திருந்தவில்லை. ஆனால் அவர் மனைவி லோயிஸ் ஒன்றைக் கவனித்தார்: மற்றவர்கள் திருந்தாவிட்டாலும், அவர்களைத் தேடிப்போன இவர் குடிக்காமல் இருக்கிறார்!

1935 மே மாதம் வில்சன் வியாபார விடயமாக ஒகையோ மாநிலத்து அக்ரன் நகருக்குப் போனார். போன காரியம் தோல்வி. கையிற் பணமில்லை; தெரிந்த முகமில்லை. ஹோட்டல் முன்மண்டபத்தின் ஒரு பக்கத்தில் மதுச்சாலையின் சிரிப்பொலி. மறுபக்கத்தில் ரெலிபோனும் கோயில்களின் பெயர்ப்பட்டியலும். ரெலிபோனை எடுத்தார். அவர் கேட்ட உதவி வேடிக்கையானது. தன்னைக் காப்பாற்ற ஒரு போதகர் வேண்டும் என்றோ ஒரு வைத்தியர் வேண்டும் என்றோ அவர் கேட்கவில்லை. தான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார்.

கிடைத்தவர் டொக்டர் றொபேர்ட் சிமித், சத்திரசிகிச்சை வைத்தியர். குடியால் தொழிலும் மானமும் போய்க்கொண்டிருந்தவர். மே 12-ந் திகதி, அன்னையர் தினத்தன்று மாலை, மனைவியின் வற்புறுத்தலுக்காக, கால்மணி நேரம் மட்டுமே இருப்பேன் என்ற நிபந்தனையோடு அவர் வந்தார். பேச்சு முடிய இரவு பதினொரு மணியைத் தாண்டிவிட்டது. வில்சன் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். தன் நோயைத் தானே அனுபவித்து அறிந்த ஒரு மனிதனோடு வாழ்க்கையில் முதன்முறையாகப் பேசினேன் என்ற கருத்தை டொக்டர் பின்னர் எழுதியிருக்கிறார். ஒரே இரவில் அற்புதம் நடந்துவிடவில்லை. சில வாரங்களின் பின் வைத்திய மாநாடொன்றுக்குப் போன இடத்தில் அவர் மறுபடியும் குடித்தார். ஆனால் வீட்டார் கதவை அடைக்கவில்லை. அவ்வருடம் ஜூன் 10-ந் திகதி அவர் அருந்தியதே கடைசி மதுவென்று கணக்கிடப்படுகிறது. அந்தத் தினத்தையே 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்', அதாவது பெயர் வெளியிடாக் குடிநோயாளர் சங்கம், தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. இவ்விருவரும் அதன்பின் செய்த முதல் வேலை, வைத்தியசாலையிற் கட்டிவைக்கப்பட்டுக் கிடந்த மூன்றாவது குடிகாரரிடம் போனதுதான்.

பிரியமானவர்களே, இப்போது என் மீனவச் சகோதரனின் கேள்வியை மீண்டும் கேளுங்கள். அவர் என்னை அவமதிக்கவில்லை. அக்ரன் ஹோட்டலில் நின்ற மனிதன் தேடியதையே அவரும் தேடினார். விழுந்து எழும்பிய ஒருவர் வேண்டும் என்றார். என்னிடம் பிரசங்கம் இருந்தது. அந்த அனுபவம் இருக்கவில்லை. அது குற்றமல்ல. இருப்பவரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போகாததே குற்றம்.

அனுபவம் இல்லாதவர்களுக்கு இதில் இடமில்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது; அழகான இடம். அக்ரன் நகரத்து அர்ச். தோமையார் வைத்தியசாலையில் நோயாளரைப் பதிவுசெய்தவர் சகோதரி இக்னேசியா என்னும் அயர்லாந்துக் கன்னியாஸ்திரி. மெலிந்த உடம்பு, முன்னர் சங்கீத ஆசிரியையாக இருந்து, நரம்புத் தளர்ச்சியால் அந்த வேலையை விட்டவர். அக்காலத்தில் குடிகாரரை வைத்தியசாலைகள் ஏற்பதில்லை. 1939 ஓகஸ்டில் டொக்டர் சிமித் கேட்டுக்கொண்டபடி, ஒரு குடிநோயாளரை இரைப்பை அழற்சி என்று பதிந்து இச்சகோதரி அனுமதித்தார். தனியறை இல்லாமல், நோயாளருக்கு வரும் பூக்களை ஒழுங்குசெய்யும் சிறு அறைக்குள் கட்டிலைத் தள்ளிவைத்தாராம். (பதிவேட்டில் எழுதியது முழு உண்மையா என்று என்னிடம் கேட்கவேண்டாம். குடிப்பவரின் இரைப்பை அழற்சியடைந்துதான் இருக்கும்.) அந்த அறையில் தொடங்கியது வளர்ந்து, 1950-ல் டொக்டர் இறக்கும்போது ஏறக்குறைய ஐயாயிரம் பேர் அங்கே சிகிச்சை பெற்றிருந்தார்கள்.

சகோதரி இக்னேசியா குடித்தவரல்லர். ஆகவே குடித்து மீண்டவர்களைக் கட்டிலருகே அழைத்துவந்து இருத்தினார். வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் திரு இருதயப் படமுள்ள சிறு அடையாளமொன்றைக் கொடுப்பார். மறுபடியும் குடிக்க நினைத்தால், குடிப்பதற்கு முன் அதைத் தன்னிடம் கொண்டுவந்து திருப்பித் தரவேண்டும் என்பதே ஒப்பந்தம். நான் திரு இருதயத்தின் முன் சனத்தைக் கூட்டி வாக்குறுதி வாங்கினேன். அவரோ அதே திரு இருதயத்தைத் திரும்பிவரும் வழியாக அவர்களுடைய சட்டைப்பைக்குள் வைத்து அனுப்பினார்.

சென் லூயிஸ் நகரத்து யேசுசபைக் குரு எட்வர்ட் டௌலிங் சுவாமியாரும் குடித்தவரல்லர். முள்ளந்தண்டு வாதத்தால் ஊன்றுகோலோடு நடந்தவர். 1940-ல் குளிரும் மழையுமான ஓர் இரவில் நியூயோர்க்குக்கு வந்து, சோர்ந்துபோயிருந்த வில்சனைச் சந்தித்தார். இவர்களுடைய பன்னிரண்டு படிகள் அர்ச். இஞ்ஞாசியாரின் ஞானப்பயிற்சிகளோடு ஒத்திருப்பதைக் கண்டு வியந்தவர் அவர். தன் பலவீனத்தை ஒப்புக்கொள்வது, கடவுளிடம் தன்னைக் கையளிப்பது, வாழ்க்கையைச் சோதித்துப் பார்த்து இன்னொருவரிடம் வெளிப்படுத்துவது, செய்த தீங்குக்கு ஈடுசெய்வது: பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் நமக்கு இவை அந்நியமானவை அல்ல. கடைசிப் படி மட்டும் நாம் மறந்தது. பெற்றதை, இன்னும் துன்பப்படுகிறவனிடம் கொண்டுபோவது.

சங்கம் என்ற முறையில் அவர்கள் அரசியலிலோ பொது வாதங்களிலோ தலையிடுவதில்லை. வெளியாரிடம் பணமும் வாங்குவதில்லை. ஆனால் மீண்டவர்கள் சிலர் பிரசைகள் என்ற வகையில் எழுந்து பேசினார்கள். மார்ட்டி மான் என்னும் பெண்மணி 1944-ல் ஓர் அமைப்பைத் தொடங்கி, இது ஒரு நோய், இந்த நோயாளர் உதவிபெறத் தகுந்தவர், அந்த உதவி சமுதாயத்தின் கடமை என்று ஊரூராகப் பேசினார். குடிக்கும் பெண்ணுக்கு ஊர் என்ன பெயர் வைக்குமென்று உங்களுக்குத் தெரியும். அவர் தன் சொந்தப் பெயரோடு பேசினார். 1956-ல் அமெரிக்க வைத்தியச் சங்கமும் இதை நோயென்று ஏற்றது. லொறிச் சாரதியாக இருந்து, குடியிலிருந்து மீண்டு, செனற்றரான ஹரல்ட் ஹியூஸ் முன்னின்று உழைத்த சட்டம் 1970-ன் கடைசி நாளிற் கையொப்பமாகி, சிகிச்சைக்கு அரசாங்கப் பணம் கிடைக்க வழி திறந்தது.

இப்போது நம்முடைய வீடுகளுக்கு வருவோம். 180 அளவான நாடுகளிற் பரவியுள்ள இச்சங்கத்தின் கூட்டங்கள் இலங்கையிலும் உண்டு. ஆனால் சங்கத்தின் பெயர்ப்பலகை இல்லாத ஊரிலும், மீண்ட ஒருவரும் மீள விரும்பும் ஒருவரும் இருந்தால் தொடங்கலாம். அக்ரனில் இருந்தது அவ்வளவே. பங்குமண்டபத்தின் ஓர் அறை, வாரத்தில் ஒரு மாலை, ஒரு கேத்தல் தேநீர். உள்ளே பேசுவது வெளியே போகக்கூடாது. சுவாமிமாரே, அழைத்தாலன்றி நாமும் உள்ளே போகவேண்டாம்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நேர்த்திக்கடன் பிறகு இருக்கட்டும்.

மனைவிமாரே, தாய்மாரே, அவருக்காக வேலைத்தலத்துக்குப் பொய்க் கடிதம் எழுதுவதும், தவறணைக் கடனை இரகசியமாகக் கட்டுவதும் அன்பென்று எண்ணி உங்களை நீங்களே அழித்துக்கொள்ளாதீர்கள். வில்சனின் மனைவி லோயிஸ் 1951-ல் குடும்பத்தவருக்கென்றே 'அல்-அனன்' என்ற கூட்டுறவைத் தொடங்கியது, வீட்டிலிருப்பவருக்கும் தன் துன்பத்தைத் தன்போன்றவரிடம் சொல்ல இடம் வேண்டும் என்பதற்காகவே. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும், குடியை விட்டவரின் கையில் "ஒரு சொட்டு" என்று கிளாசைத் திணிக்கிறவர்களுக்கு என்ன சொல்வது? கெரசேனர் ஊரில் ஒருவன் உடையுடுத்தி, புத்தி தெளிந்து உட்கார்ந்திருப்பதைக் கண்ட சனங்கள் மகிழவில்லை, பயந்தார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் போய்விட்டனவே என்றும் யோசித்தார்கள். ஆண்டவரைத் தங்கள் எல்லையை விட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார்கள்.

அப்போதுதான் அந்த மனிதன் படகடிக்கு ஓடிவந்து, தன்னையும் கூட்டிப்போகும்படி மன்றாடினான். யார்தான் மன்றாடமாட்டார்கள்? தன்னைக் கட்டிய ஊர். தன்னைக் கண்டு பயப்படும் ஊர். ஆனால் ஆண்டவர் அவனைப் படகில் ஏற்றவில்லை. உன் வீட்டாரிடம் திரும்பிப் போய், உனக்கு நடந்ததைச் சொல் என்று அனுப்பினார். இது ஏன் என்று முன்பெல்லாம் எனக்கு விளங்கியதில்லை. அந்தக் கரையில் பன்னிரு அப்போஸ்தலர்கள் இருந்திருக்கலாம். அவர்களில் ஒருவரும் கல்லறைக்குள் படுத்தவர்களல்லர். கல்லறைக்குள் கிடக்கும் அடுத்தவனிடம் போகக்கூடியவன் இவன் ஒருவனே.

என்னிடம் கேள்வி கேட்ட அந்தச் சகோதரர் இப்போது உயிரோடு இல்லை. அவர் வந்த அந்த இரவில், அதே பங்கில், கோயில் மதிலிலிருந்து மூன்றாவது வீட்டில், குடியை விட்டுப் பத்து வருடமான ஒருவர் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியும். ஞாயிறுதோறும் அவருக்கு நற்கருணை கொடுத்தவன் நான். பத்து நிமிடத்தில் போய்த் தட்டி எழுப்பியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.