அறிந்தவர் நடுவே

பாறசாலைப் பக்கத்து ஊர்களில் புதியவன் ஒருவன் ஒற்றையடிப் பாதையில் நடந்து போனால், வேலிக்கு அப்பால் மரச்சீனிக்கு மண் அணைத்துக்கொண்டிருக்கும் முதியவர் தலை நிமிர்ந்து, "நீ ஆருக்க மோன்?" என்று கேட்பார். தமிழா மலையாளமா என்று பிரித்துரைக்க இயலாத கேள்வி அது. "ஆருக்க" என்பது விளவங்கோட்டுத் தமிழ். "மோன்" என்பது மலையாளம். கேட்பவருக்கு அவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. இவன் யாருடைய பிள்ளை என்பதே அவர் அறிய விரும்புவது.

அவ்வூர்களை விட்டு நெடுந்தொலைவு வந்து, மாநகரங்களின் அடுக்குமாடிகளில் வாழும் நம்மை இக்கேள்வியை இப்போது எவரும் கேட்பதில்லை. எதிர்வீட்டுக் கதவில் தொங்கும் பெயர்ப்பலகையைப் படித்தே எதிர்வீட்டாரை அறிகின்றோம். இது நமக்குக் கிட்டிய விடுதலையா, நாம் அடைந்த இழப்பா? அறிந்தவர் நடுவே வாழ்வது நல்வாழ்வா, அறியாதவர் நடுவே வாழ்வது நல்வாழ்வா? நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தின் வாழ்வை முன்வைத்து இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை என்னும் ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகின்றது. பாலராமபுரத்து நெசவாளரின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நிலத்திலிருந்து அழைத்து வரப்பட்டுக் குடியேற்றப்பட்டவர்கள். இந்நிலம் முழுவதும் திருவிதாங்கூர் அரசின் கீழ் ஒன்றாகவே இருந்தது. தமிழ் வழங்கும் தென்பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்று நேசமணி முதலியோர் தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. இணைப்புக் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது.

அன்று வகுத்த எல்லை மக்களின் புழக்கத்துக்கு நடுவே விழுந்தது. வீடு ஒரு மாநிலத்திலும் விளை மறு மாநிலத்திலும் உடையவர்கள் உண்டு. அக்காளை அப்பக்கமும் தங்கையை இப்பக்கமும் கட்டிக்கொடுத்தவர்கள் உண்டு. சந்தைக்குப் போகிறவர் மாநிலம் கடந்து போவதாக எண்ணுவதில்லை. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னூற்று நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றனர். களியக்காவிளையில் இரு மாநிலத்தாரும் கூடி நின்று அவ்வூர்வலத்துக்கு மரியாதை செய்கின்றனர். அன்றிரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலில் தங்கல். எல்லை வந்த பின்னும் தெய்வங்கள் தம் பழைய வழியை மாற்றிக்கொள்ளவில்லை. மக்களும் மாற்றிக்கொள்ளவில்லை.

இத்தகைய சிற்றூரின் முதற்செல்வம் முக அறிமுகமே. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் எவரும் எவரையும் அழைக்க வேண்டியதில்லை. ஒருவர் மண்வெட்டியோடு வருவார். ஒருவர் ஓலையோடு வருவார். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைகளைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று கஞ்சி ஊட்டுவார். அவர் ஊட்டுவது மலையாளத்திலா தமிழிலா என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை. நேற்றுச் சண்டையிட்டவரும் இன்று பாடைக்குத் தோள் கொடுப்பார். சாயாக்கடைக்காரர் பற்றுக் கணக்கைத் தாளில் எழுதுவதினும் மனத்தில் எழுதுவது மிகுதி. வேலை இல்லாத மாதத்தில் அவர் அக்கணக்கைப் பற்றிப் பேசவே மாட்டார்.

வள்ளுவர் இப்பண்புக்குக் கண்ணோட்டம் என்று பெயரிட்டுத் தனி அதிகாரமே வகுத்தார். பழகியவர் முகத்தைக் கண்டபின் அவர் வேண்டுவதை மறுக்க இயலாத நெகிழ்ச்சி என்று உரையாசிரியர் அதற்குப் பொருள் காண்பர். முகம் காணாத இடத்தில் இவ்வறம் முளைப்பது அரிது. மாநகரத்தார் கொடியவர் அல்லர். முகம் காணும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு, அவ்வளவே. இவ்வளவோடு நிறுத்தினால், சிற்றூரே அறத்தின் பிறப்பிடம் என்று பாடிவிட்டு நாம் எழுந்து போகலாம். ஊரை விட்டு வந்தவர்க்கு அவ்வாறு பாடுவது இனிமையாகவும் இருக்கும். ஆனால் உண்மை அதற்கு இடம் கொடாது.

நெய்யாற்றின்கரைக்கு அருகே ஊரூட்டம்பலம் என்னும் ஊர் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அய்யன்காளி, பஞ்சமி என்னும் சிறுமியைக் கைப்பிடித்து அவ்வூர்ப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். புலையர் குலத்துப் பெண் தம் பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர்வதைப் பொறாத உயர்குலத்தார் அப்பள்ளிக்குத் தீயிட்டனர். தீயிட்டவர்கள் அறியாதவர்களா? அல்லர். அச்சிறுமி யாருடைய மகள் என்பதை நன்கு அறிந்திருந்ததனாலேயே தீயிட்டனர். முன்பின் அறியாத ஒரு நகரத்தில் பஞ்சமி பத்தோடு பதினொன்றாய் அமர்ந்து எழுத்துக் கற்றிருக்கலாம். அவளைச் சிறுமி என்று மட்டும் காண அவ்வூரின் அறிமுகம் இடங்கொடுக்கவில்லை.

அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், நாடார் குலப் பெண்கள் தோளை மறைத்துச் சீலை உடுத்தியதற்காகச் சந்தைகளிலும் வழிகளிலும் அடிபட்டதும் இத்தென் திருவிதாங்கூரிலேதான். 1859-இல் அரசாணை வந்த பிறகே அவர்கள் மேலாடை அணியும் உரிமை பெற்றனர். அடித்தவரும் அடிபட்டவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களே. "ஆருக்க மோன்?" என்னும் கேள்விக்குள் அன்பும் உண்டு, தராசும் உண்டு. வந்தவனுக்குக் கஞ்சி கொடுப்பதற்காகவும் அதைக் கேட்கலாம். அவனைத் திண்ணையில் அமர்த்துவதா முற்றத்தில் நிறுத்துவதா என்று முடிவு செய்வதற்காகவும் கேட்கலாம்.

இங்கேதான் வள்ளுவரின் மற்றோர் அதிகாரம் நினைவுக்கு வருகின்றது. கண்ணோட்டம் சொன்ன அவரே நடுவுநிலைமையும் சொன்னார். முன்னது முகம் பார்க்கும் அறம். பின்னது முகம் பாராத அறம். சிற்றூரில் முன்னது செழித்தது, பின்னது வாடியது. 1936-இல் திருவிதாங்கூர் அரசு ஆலய நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டபோது, அவ்வாணை வந்தவன் யாருடைய மகன் என்று கேட்கவில்லை. கேளாமையே அதன் பெருமை.

முகம் பாராத ஆட்சிக்கும் ஒரு குறை உண்டு. நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாயை எம் பக்கத்தார் "சானல்" என்பர். விளவங்கோட்டு வயல்கள் அதன் நீரை நம்பியிருந்தன. 2004 முதல் அந்நீர் நின்றது. 2012-இல் தமிழ்நாட்டரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. எல்லையின் இருபுறத்து உழவர்களும் ஒரே சந்தையில் வாழைக்குலை விற்பவர்கள். ஆனால் நீரைப் பற்றிய முடிவோ அம்முகங்களைக் காணாத தலைநகரங்களின் கோப்புகளில் கிடக்கின்றது. 2020-இல் கொரோனா நோய்க்காக எல்லையை அடைத்தபோது, கூப்பிடு தொலைவிலுள்ள உறவினர் வீட்டுக்குச் செல்லவும் அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. நோய் தடுக்க அது தேவையாக இருந்திருக்கலாம். எனினும், அயலார் என்னும் சொல்லுக்குச் சீட்டில் இடம் இல்லை என்பதை அன்று எல்லையூர்கள் உணர்ந்தன.

எனவே கண்ணோட்டம் மட்டும் இருந்தால் அது நம்மவர்க்கு மட்டும் ஆகிவிடும். நடுவுநிலைமை மட்டும் இருந்தால் ஈரம் உலர்ந்துவிடும். இரண்டும் ஓரிடத்தில் கூடுமா? கூடும் என்று நம்பியவர் ஒருவர் அவ்வட்டாரத்திலேயே இருந்தார். 1888-இல் அருவிப்புறத்தில் நெய்யாற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துச் சிவனாக நிறுவிய நாராயண குரு, சாதியும் மதப்பகையும் இன்றி மக்கள் கூடி வாழ்வதற்கு அவ்விடம் ஒரு மாதிரியாக விளங்க வேண்டும் என்று கருதினார். ஊரைவிட்டு ஓடுவதை அவர் வழியாகக் காட்டவில்லை. ஊரின் கண்ணைத் திருத்துவதையே வழியாகக் கண்டார். ஒரே ஆற்றின் அருகே தீயிட்ட கையும் இருந்தது. கல்லெடுத்த கையும் இருந்தது.

ஊர்விட்டு வந்த நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. தமிழ்ச் சங்கம் என்பது மாநகரத்தின் நடுவே நாம் கட்டிக்கொண்ட சிற்றூர். பொங்கலுக்குக் கூடுகின்றோம், மருத்துவமனையில் கிடப்பவரைப் போய்ப் பார்க்கின்றோம், உடலை ஊருக்கு அனுப்பப் பணம் திரட்டுகின்றோம். இவை ஊரிலிருந்து நாம் கொணர்ந்த நற்செல்வங்கள். ஆனால் வேலை தேடிப் புதிதாய் வந்த இளைஞன் நம் மண்டபத்துள் நுழையும்போது என்ன கேட்கின்றோம்? "எந்த ஊர்?" என்கின்றோம். அது அன்பு. "ஊரில் எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்று அடுத்துக் கேட்கின்றோமே, அது என்ன? அவன் முகம் சற்றே மாறுவதை நாம் கண்டதில்லையா? மூட்டை முடிச்சுகளோடு பழைய தராசையும் நாம் எடுத்து வந்துவிட்டோம் என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமா?

அக்கேள்வியை நாம் முதலாவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எந்த ஊர் என்று கேட்டபின், எங்கே தங்கியிருக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்போம். யாருடைய மகன் என்பதை அறிந்துதான் ஆகவேண்டுமென்றால், அவனுக்கு இடர் வரும் நாளில் யாருக்குச் செய்தி அனுப்புவது என்பதற்காக அறிந்துகொள்வோம். அறிந்தவர் நடுவே வாழ்வது நல்வாழ்வாவது அப்போதுதான்.