நோவை மறைப்பது புண்ணியமா?



காரப்பேட்டை புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வைத்தியம் முடிந்து வருஷங்கள் சென்றும் சிலருக்கு நோவு தீருவதில்லை. மார்பில் ஆபரேஷன் செய்துகொண்ட தாய், குழித்தறியில் நாடா எறியக் கையெடுத்தால் தோள் எரிகிறது. வியாதி திரும்பிற்றோவென்று பயந்து ஒருவரிடமும் சொல்லாள். கல்வாரியில் ஆண்டவர் போளங்கலந்த ரசத்தை மறுத்தாரேயென்று பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அது அவர் மனதார ஏற்ற பாடு, நமக்கிட்ட கட்டளையல்ல. நோவு தணிக்க, வேறு வழியில்லாதபோது அபினி சேர்ந்த மருந்தும் வைத்தியர் கொடுக்கலாமென்று 12-ம் பத்திநாதர் பாப்பானவர் 1957-ல் தெளிவாய்ச் சொல்லியிருக்கிறார். அறுபட்ட நரம்பின் எரிச்சலுக்குத் தனி மாத்திரையுண்டு, தோளுக்குப் பயிற்சியுண்டு. வியாதி திரும்பவில்லையென்று நிச்சயிக்கவும் வைத்தியர்தான் வேண்டும்.

குடும்பத் தலைவர்களே! அவள் முகஞ்சுளித்தால், புடவை அறுத்து முடியட்டுமென்று தாமதியாமல் இந்த வாரமே அழைத்துப்போங்கள்.