வாடகை முகவரி

முகவரி மாறினால் ஆளும் மாறுவாரா என்பது, பருத்திப்பட்டு ஏரிப்பக்கம் 11 மாத ஒப்பந்தத்தில் குடியிருப்போருக்கு எழாத சந்தேகம். கணினி விஷயத்தில் அது எழுகிறது. 1993-இல் வரையறுக்கப்பட்ட டிஎச்சிபி முறையில், வலையில் சேரும் கணினி முகவரி கேட்டு எல்லோருக்கும் குரல் கொடுக்கும். சர்வர் தன் தொகுப்பிலிருந்து ஒன்றைக் காட்டும். கணினி அதையே கேட்க, சர்வர் உறுதிசெய்யும். கிடைப்பது குத்தகைதான். பாதிக்காலம் கழிந்ததுமே புதுப்பிக்கக் கேட்க வேண்டும்.

முகவரி உடம்பு, வன்பொருளின் மேக் எண் உயிர் என்று சொல்லத் தோன்றும். குறளின் நிலையாமை அதிகாரமும் உடம்பை ஒண்டுக்குடித்தனமாகவே பார்க்கிறது. ஆனால் உவமை பாதியில் நொண்டுகிறது: இன்றைய கைபேசிகள் மேக் எண்ணையும் வலைக்கு வலை மாற்றுகின்றன.

எல்லா முகவரியும் மாறுவதில்லை: பிறர் தேடிவரும் பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒதுக்குவார்கள். முகவரி வழங்கும் சர்வரோ பொதுவாகத் தன் முகவரியை யாரிடமும் கேட்பதில்லை. நிர்வாகி அதைக் கையால் இடுகிறார்.